வசம்பின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது

வசம்பை ஆய்வுக்கு எடுத்ததற்கு பீட்டா-அசரோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் காரணம். வட அமெரிக்காவில் வளரும், 24 குரோமோசோம் கொண்ட இருமடிய வசம்பில், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு உள்ள செடியில், அது இல்லை. ஐரோப்பாவின் 36 குரோமோசோம் செடியில் கொஞ்சம் இருக்கிறது. ஆசியாவின் 48 குரோமோசோம் செடியிலோ எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். அது மிகுந்த ஜம்மு வசம்பெண்ணெய் கலந்த தீனி தின்ற எலிகளுக்குச் சிறுகுடலில் கட்டி வந்தது. 1968-இல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. நம் வீடுகளில் வசம்பைச் சுட்டு, உரசி, குழந்தையின் நாக்கில் தடவுகிறார்கள். எந்த வசம்பு என்று கேட்காமல் நல்லது, கெட்டது என்று பேசுவதில் பொருளே இல்லை.

நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் எண்ணெய் வடிக்கலாம். குரோமோசோம் பார்க்க முடியாது. பிரியும் செல்லில்தான் குரோமோசோம் தனித்தனியாகத் தெரியும்; காய்ந்த கிழங்கில் செல் எங்கே பிரியும்? ஆகவே பயிரிடுவோரிடம் பச்சைக் கிழங்கு வாங்கி, சேற்றுத் தொட்டியில் நட்டு வேர்விட வைத்தேன். வேர்நுனிகளைக் காலையிலேயே நறுக்கி, செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் ஹைட்ராக்சிகுயினோலின் கரைசலில் போட வேண்டும். பிறகு எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த திரவத்தில் ஓர் இரவு. மறுநாள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம்.

உண்மையான சோதனை அதன் பிறகுதான். வசம்பின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. மூடுகண்ணாடியின் மேல் வடிதாளை வைத்துப் பெருவிரலால் நேராக அழுத்த வேண்டும். கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு சிதைந்துவிடும். பல ஸ்லைடுகளில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துதான் கிடந்தன. ஒருவழியாக நன்றாக விரிந்த ஒரு செல் அகப்பட்டது. சிவந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்துகொண்டே எண்ணினேன்: 48. ஒரு செல்லை நம்பக் கூடாது என்பது வழிகாட்டியின் கண்டிப்பு. மற்ற வேர்களிலும் எண்ணினேன், அதே எண்.

அதே கிழங்கின் மீதியை, நீராவியால் எண்ணெய் பிரிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் வடித்து, எண்ணெயிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் சோதனைக்கு அனுப்பினேன். வந்த வரைபடத்தில் ஒரு முகடு மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட ஓங்கி நின்றது. பீட்டா-அசரோன். எண்ணிக்கையும் வேதியியலும் ஒரே செடியில் கைகோத்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் அன்று வேறு வேலை ஓடவில்லை.

இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு மாதிரியில் 36 எண்ணியிருக்கிறேன். அது மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று உள்ளது. மும்மடியச் செடி விதை பிடிக்காது, கிழங்கு வழியேதான் பெருகும். அதன் எண்ணெயும் சோதனைக்குப் போயிருக்கிறது. அறிக்கை வந்ததும் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.