காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே

புல்லாங்குழலில் ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போகும்போது இடையில் வேண்டாத ஒலி ஒன்று கேட்கிறது என்பதை நான் உணர்வதற்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஒரு நாள் ஹரிகாம்போதி ராகத்தில், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து, அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டேன். 'ஸ ரி க ம' (ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம்) என்று வாசித்ததாக நான் நம்பியிருந்த இடத்தில், காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ரிஷபமும் ஷட்ஜமும் கண்ணிமைக்கும் நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மறைவது தெளிவாகக் கேட்டது. மற்ற இடங்களில் பெரிய குறை இல்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே கறை விழுந்தது.

ஏன் அங்கே என்று யோசித்தால், காரணம் குழலின் அமைப்பிலேயே இருக்கிறது. கர்நாடக இசைக்கான குழலில் விரல் துளைகள் எட்டு. ஊதும் துளைக்கு அருகில் இருப்பதை முதல் துளை என்று கொண்டால், முதல் இரண்டையும் மூடி ஊதினால் ஷட்ஜம், ஒன்றை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம், எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அந்தர காந்தாரம். அதுவரை ஒவ்வொரு படிக்கும் ஒரு விரலை எடுத்தால் போதும். அடுத்து வரும் சுத்த மத்திமத்துக்கோ, ஒன்றுமே மூடாத நிலையிலிருந்து முதல் ஆறு துளைகளையும் ஒரே நொடியில் மூட வேண்டும்; மூடிவிட்டுச் சும்மா ஊதினால் மந்தர (கீழ் ஸ்தாயி) மத்திமம்தான் பேசும் என்பதால், மத்திய (நடு) ஸ்தாயிக்கு வர, மூச்சையும் அதே நொடியில் இறுக்க வேண்டும். ஆறு விரல்களில் சுட்டுவிரல் முந்திக்கொண்டால் ரிஷபம் கேட்கும், நடுவிரலும் அதனுடன் சேர்ந்துகொண்டால் ஷட்ஜம் கேட்கும். என் பதிவில் எட்டிப் பார்த்தவை அந்த இரண்டும்தான். விரல்கள் போதிய வேகத்தில் விழவில்லை என்று நான் முதலில் எண்ணியது தவறு. வேகம் எல்லா விரல்களுக்கும் இருந்தது, அவை சேர்ந்து விழவில்லை.

இதைச் சரிசெய்ய என் ஆசிரியர் சொன்ன முதல் வேலை, ஊதாமல் பழகுவது. குழலை வாய்க்கு அருகில் வழக்கம்போல் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், ஆறு விரல்களையும் துளைகளின் மேல் ஒன்றாக வைத்து எடுக்க வேண்டும். அமைதியான அறையில் மூங்கில் மெல்ல ஒலிப்பது கேட்கும்: விரல்கள் ஒன்றாக விழுந்தால் 'டொப்' என்று ஒரே ஒலி, முன்னும் பின்னுமாக விழுந்தால் 'டபடப' என்று சிதறல். ஒரு வாரம் இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் இதை மட்டும் செய்தேன். சிதறல் குறையக் குறைய, ஊதும்போது இடைச்சுரங்களும் குறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது, விரலை எவ்வளவு தூக்குகிறோம் என்பது. ஒரு விரல் கனத்துக்கு மேல் தூக்கினால் திரும்பி வர நேரமாகிறது. துளைக்கு மிக அருகிலேயே நிறுத்தினாலோ சுருதி தணிந்து காந்தாரம் மந்தமாகிவிடுகிறது.

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதை விரலே காட்டிக் கொடுத்தது. மத்திமத்தைச் சற்று நீட்டி வாசித்துவிட்டுக் கைகளைத் திருப்பிப் பார்த்தால், துளையின் விளிம்பு விரலின் சதையில் வட்டமாகப் பதிந்திருக்கும். இடக்கையின் மூன்று விரல்களிலும் முழு வட்டம் இருந்தது; வலக்கை மோதிர விரலில் மட்டும் பிறை போல அரை வட்டம். ஆறாம் துளை ஓரத்தில் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விரல் நுனியால் மூடாமல் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் சதைப்பகுதியால் மூடத் தொடங்கிய பிறகு வட்டம் நிறைந்தது, மத்திமமும் கனத்தது. இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று விரல், வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு விரல், ஆக ஏழு விரலால் குழலை வாசிப்பதைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எழுதியிருக்கிறார். இன்றும் நாம் பிடிப்பது அப்படித்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

விரல்கள் சேர்ந்த பிறகும் கறை முழுவதும் போகவில்லை. மிச்சமிருந்தது மூச்சின் பிழை. விரல்கள் மூடுவதற்கு முன்பே மூச்சு இறுகிவிட்டால், திறந்த துளைகளில் தார (மேல்) ஸ்தாயிக் காந்தாரம் கீச்சென்று தெறிக்கும். விரல்கள் மூடிய பிறகு தாமதமாக இறுகினால், மந்தர மத்திமம் அடியில் ஒரு கணம் உறுமிவிட்டு மேலே ஏறும். கேட்பது கீச்சா உறுமலா என்று தெரிந்துவிட்டால், மூச்சு முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரிந்துவிடும். எனக்குப் பெரும்பாலும் முந்தியது. பயந்து ஊதுகிறவர்கள் முன்கூட்டியே அழுத்திவிடுகிறார்கள் என்றார் ஆசிரியர், அது உண்மை. இறுக்குவது என்றால் பலமாக ஊதுவது என்று பொருளல்ல. உதடுகளின் இடைவெளியைச் சிறிது குறுக்கினாலே காற்றின் வேகம் கூடி ஒலி மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காந்தாரத்தில் எல்லாத் துளைகளும் திறந்திருப்பதால், குழலைத் தாங்குபவை இரண்டு பெருவிரல்களும், இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பகுதியும், கீழுதட்டின் அண்டையும்தான். குழல் நழுவிவிடுமோ என்று கை தன்னையறியாமல் இறுகுகிறது. இறுகிய கையின் விரல்கள் ஒன்றாக விழ மாட்டா. குழலும் இம்மியளவு உருண்டு, காற்று துளையின் விளிம்பில் படும் கோணம் மாறிவிடுகிறது. ஆகவே நான் நாள்தோறும் சாதகத்தைத் தொடங்குவது காந்தாரத்தில்தான். சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து, ஒரே மூச்சில் நீண்ட காந்தாரம் ஒன்றைப் பிடித்து, தோளும் மணிக்கட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மத்திமத்துக்குப் போகிறேன்.

இந்தப் பயிற்சிகளை நாக்கின் துணையில்லாமல் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் துத்துக்காரம் போட்டு வெட்டி வாசித்தால், விரல் மாறும் கணத்தில் காற்று நின்றுவிடுவதால் குறை மறைந்துகொள்ளும், நீங்காது. மாலி என்று அழைக்கப்பட்ட புல்லாங்குழல் கலைஞர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) குழலை வாய்ப்பாட்டு வழிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வதன் பொருளை நான் இந்தப் பயிற்சியில்தான் புரிந்துகொண்டேன்: பாடுகிறவர் ஒரே மூச்சில் சுரங்களை இழைப்பதுபோல் குழலிலும் காற்று அறுபடாமல் ஓட வேண்டுமென்றால், விரலுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

சுத்தமான மாற்றம் என்பதற்கு கமகம் (சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பது) இல்லாத மாற்றம் என்று பொருள் கொள்ளக் கூடாது. விரலை உருட்டித் துளையை மெல்லத் திறந்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துச் செல்வது ஜாரு. அது நாம் விரும்பிச் செய்வது. நான் சொல்லும் கறை, நாம் அழைக்காமலே வந்து நிற்பது. இசை கற்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் ராகமான மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் மூன்றுக்குமே ஒரு துளையை அரையாக மூட வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே அதை எடுத்துக்கொண்டால் எது ஜாரு, எது கறை என்று பிரித்தறிவது கடினம். குழல் கற்பவர்கள் ஹரிகாம்போதியிலோ மோகனத்திலோ தொடங்குவது நல்லது என்று நான் கருதுவது இதனால்தான். அந்த இரண்டிலும் அரைத் துளைக்கு வேலையே இல்லை.

இப்போது மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போவதைப் பழகி வருகிறேன். மூட வேண்டிய விரல்கள் ஐந்துதான், ஆறாம் துளை திறந்திருக்கும். மெதுவான முதல் காலத்திலும் அதன் இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்திலும் பதிவைப் பாதி வேகத்தில் கேட்டாலும் இடையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் காலத்தில் வலக்கை நடுவிரல் இன்னும் ஒரு மயிரிழை பிந்துகிறது. அதனால் நாளைக்கும் முதல் காலம்தான்.