மூன்று ஏழுகள் செய்த வேலை

துறையின் பழைய சர்வரை மூடிவிட்டு, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட புதியதற்கு எங்களை மாற்றினார்கள். கோப்புகளை நகலெடுக்க அரை மணி நேரம்தான் ஆனது. மறுநாளே ஜூனியர் பெண் வந்து நின்றாள். "அக்கா, உங்கள் தரவுக் கோப்பு திறக்கவில்லை. 'பர்மிஷன் டினைட்' என்கிறது."

கோப்பின் அனுமதி எண்ணைப் பார்த்தேன்: 644. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அட்மினுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரி: "கோப்பின் அனுமதி சரியாகத்தான் இருக்கிறது." அது எனக்கும் தெரியும், சார்!

எரிச்சலில், என் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் கோப்புறை முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டேன்: யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். அவளுக்குக் கோப்பு திறந்தது. மறுநாள் காலை எனக்குச் சர்வரே திறக்கவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச்; கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதற்கு ஒரு சாவிக் கோப்பு. ஹோமிலும் சாவிக் கோப்பிலும் கண்டவரெல்லாம் எழுதலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. கடவுச்சொல் வழியை முன்பே அடைத்திருந்தார்கள். சர்வர் அறைக்கு நடந்தேன்; அந்த அறையின் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

உள்ளே போனதும் ஹோமுக்கு 750, எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 என்று இறுக்கினேன். மிச்சம்தான் தலைவலி. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் பெரிய எக்ஸ் போட்டால் கோப்புறைகளுக்கு மட்டும் இயக்க அனுமதி என்று நம்பியிருந்தேன். ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் அது கொடுத்துவிடும். 777க்குப் பிறகு எல்லாமே அந்த ரகம். ஃபைண்ட் என்ற தேடல் கட்டளை கொண்டு கோப்புறைகளையும் கோப்புகளையும் தனித்தனியாகத் திருத்தி, ஸ்கிரிப்டுகளுக்கு ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாலை போனது.

உண்மையான காரணம் அற்பமானது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் 750; உரிமையாளரும் அவர் குழுவும் தவிர யாரும் நுழைய முடியாது. அதற்கு முன் 755; யாரும் நுழையலாம். வாசற்கதவு பூட்டியிருக்க, உள்ளே அலமாரி திறந்திருந்து என்ன பயன்? நேம்ஐ கட்டளையை எல் விருப்பத்துடன் ஓட்டினால், வேர்க் கோப்புறையிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாகத் தெரியும். யாருக்கும் எழுதுமுன் அதை ஓட்டுங்கள்.

இப்போது பொதுக் கோப்புறை ஹோமுக்கு வெளியே, எங்கள் குழுவின் பேரில், 2775. அந்த 2 இருப்பதால் உள்ளே உருவாகும் கோப்புகள் குழுவுக்கே சேரும். புதிய கோப்புகளில் எந்த அனுமதியை நீக்குவது என்று சொல்லும் உமாஸ்க்கை 022 என்றே விட்டால் குழுவினர் படிக்கலாம், திருத்த முடியாது; அதனால் 002 ஆக்கினோம்.

அவளைக் குழுவில் சேர்த்த பிறகும் எழுத முடியவில்லை என்றாள். வயிற்றில் புளி கரைந்தது. புதிய குழு அடுத்த நுழைவில்தான் செல்லும் என்பது நினைவுக்கு வர, வெளியேறி மீண்டும் நுழையச் சொன்னேன். எழுத முடிந்தது.