பழைய பாய்மரப் படகில் கீல் கசிவு: தண்ணீர் வந்த வழியைத் தேடி

படகு கேடலினா 30 என்னும் மாடல், 1984-இல் கட்டியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நிற்கிறது. அடியில் தொங்கும் ஈயக் கீல் மட்டுமே 4,200 பவுண்டு, ஏறக்குறைய 1,900 கிலோ. காற்று பாயைச் சாய்க்கும்போது படகைக் கவிழவிடாமல் நிமிர்த்துவது அந்த எடைதான். அதை ஃபைபர்கிளாஸ் உடலோடு பிடித்து வைத்திருப்பவை சில எஃகு போல்ட்டுகள். அவற்றின் நட்டுகள் இருப்பது பில்ஜ் எனும் அடிக்குழியில். அங்கேதான் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது.

ஜூன்

பில்ஜில் தண்ணீர் என்றதும் கீலைச் சந்தேகிப்பது அவசரம். பழைய படகில் தண்ணீர் எங்கிருந்தும் வரும். எல்லாம் கடைசியில் பில்ஜுக்கே வடியும். மழையை மட்டும் உடனே தள்ளிவிட முடிந்தது. கோடையில் இந்தப் பக்கம் மழை என்பதே அநேகமாகக் கிடையாது. மிச்சம்: நன்னீர்த் தொட்டி, ஐஸ் பெட்டியின் வடிகால், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் ஸ்டஃபிங் பாக்ஸ், கீல்.

முதல் சோதனை நாக்குதான். விரலில் தொட்டு வைத்தேன், உப்பு. "ஏங்க, அந்தச் சாக்கடைத் தண்ணியையா நக்கிப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி. டீசல் வாடை இல்லாத படகில்தான் இதைச் செய்ய முடியும் என்பது வேறு விஷயம். உப்பு என்றாலும் நன்னீர் கலந்திருக்கலாமே? தொட்டியில் சிவப்பு, ஐஸ் பெட்டியில் நீலம் என்று கேசரிப் பவுடர் வகையறாச் சாயங்களைக் கலந்துவிட்டேன். எந்த நிறமும் கீழே வரவில்லை.

ஸ்டஃபிங் பாக்ஸ் சொட்டுவது இயல்பு. எஞ்சின் ஓடும்போது சில சொட்டுகள் விழத்தான் வேண்டும், தண்டுக்கு அதுதான் குளிர்ச்சி. அந்தத் தண்ணீர் முன்பக்கம் வராதபடி பிளம்பர் புட்டியில் சின்ன வரப்பு கட்டினேன். பில்ஜை ஸ்பாஞ்சால் ஒற்றி, மின்விசிறி வைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரை வளையமாகச் சுற்றினேன்.

துறையில் கட்டியிருந்த வரை காகிதம் காய்ந்தே இருந்தது. கோல்டன் கேட் நீரிணை வழியாகப் பிற்பகல் காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஏறிய நாளில் படகை நன்றாகச் சாய்த்து ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முன் நட்டைச் சுற்றிய காகிதம் நனைந்து, ஓரத்தில் பழுப்பும் ஏறியிருந்தது. சாயும்போது கீல் தன் எடையால் இணைப்பை ஒரு பக்கமாக இழுக்கிறது, இடைவெளி திறக்கிறது. நிற்கும்போது கசியாமல் ஓடும்போது மட்டும் கசிந்தால் எனக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஆகஸ்ட்

படகைக் கரையேற்றினோம். தூக்கும் பட்டைகளில் தொங்கும்போதே, கீலும் உடலும் சேரும் கோட்டின் முன்முனையில் வளைந்த வெடிப்பு தெரிந்தது. இதைத்தான் இந்தப் படகுக்காரர்கள் "கேடலினா புன்னகை" என்கிறார்கள். கட்டைகள் மேல் கீலை இறக்கியதும் வெடிப்பு மூடிக்கொண்டது. ஆகவே பார்க்க வேண்டியது தொங்கும்போது. இறக்கிய பிறகு பார்த்தால் வெறும் பெயின்ட் கீறல் போல ஏமாற்றும். அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் நாள்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது.

பழுப்பு ஏன் கவலை தருகிறது? ஸ்டெயின்லெஸ் எஃகின் காப்பு அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். சந்தில் அடைபட்ட உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். எஃகு குழிகுழியாக அரித்துப்போகும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உடலும் ஈயமும் சேரும் மட்டத்தில். நட்டைக் கழற்றி மரை பளபளப்பதைக் கண்டு திருப்திப்படுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டன் திரும்பிய "சீக்கி ரஃபிக்கி" என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது; நால்வரும் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகான பழுதுபார்ப்புகளும் உள்கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. அதன் கட்டுமானம் வேறு. இருந்தாலும் "கொஞ்சம் சீலன்ட் பூசி விட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படகுதான் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தலைமுறை கேடலினா 30-களில் இன்னொரு வம்பு: நட்டுகளுக்குக் கீழே ஃபைபர்கிளாஸுக்குள் பிளைவுட் பொதிந்திருக்கும். அது ஊறினால் நட்டை முறுக்க முறுக்க மரம் நசுங்குமே தவிர இறுக்கம் ஏறாது. சுத்தியல் பிடியால் தட்டினேன். முன்பக்கம் கணீரென்றது, கடைசி போல்ட்டருகே மந்தமாக ஒலித்தது. சிறு துளை போட்டேன். முன்னால் வெளுத்த உலர்தூள், பின்னால் கறுத்த ஈரச் சக்கை.

படகின் எடை முழுவதும் கீல் மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு நட்டைத்தான் கழற்ற வேண்டும். மேல்தோலை வெட்டி, மக்கிய மரத்தை உளியால் சுரண்டி, நன்னீர் விட்டு உப்பை அலசி, விளக்கு வைத்துக் காயவைத்தேன். பிறகு கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்சிப் பிசினும். ஒரே மூச்சில் நிரப்பினால் எப்பாக்சி தன் சூட்டிலேயே புகைந்துவிடும். சில அடுக்குகள் போட்டு, ஆறவிட்டு, மறுபடியும் போட வேண்டும். மேலே பழைய சின்ன வாஷருக்குப் பதில் அகலமான எஃகுத் தகடு.

வெளியே, பழைய பூச்சைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். ஈயத்தூளும் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும், செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டும் பறக்கும், சாதாரணத் துணி முகமூடி போதாது. வெடிப்பில் கெட்டியான ஃபில்லர் வேண்டாம் என்பது என் முடிவு; இணைப்பு அசையும், அது மறுபடி வெடிக்கும். 3எம் 5200 என்ற பாலியூரிதேன் சீலன்ட்டை அடைத்தேன். அது இளகலாக இருக்கும்போதே இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளைச் சுற்று முறையில் இறுக்கினேன். அந்த அளவு போல்ட்டின் தடிமனைப் பொறுத்தது; தயாரிப்பாளர் தரும் எண்ணையே பின்பற்றுங்கள். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும் என்பதால் அவசரப்பட்டுத் தண்ணீரில் இறக்கவில்லை. 5200-க்கு ஒரு குறையும் உண்டு: பின்னாளில் கீலைப் பிரிக்க நினைப்பவர் என்னைத் திட்டுவார்.

அக்டோபர்

காற்றில் ஓட்டிப் பார்த்தாயிற்று, காகிதங்கள் காய்ந்திருக்கின்றன. கசிவு நின்றதால் போல்ட் பலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கீலைக் கழற்றாமல் பலம் கூட்ட ஒரு வழி, பழைய போல்ட்டுகளுக்கு இடையே ஈயத்தில் துளையிட்டு, திருகாணி போல நேரே ஈயத்தைப் பிடிக்கும் புது லேக் போல்ட்டுகளை இறக்குவது. அடுத்த முறை கரையேற்றும்போது அதைச் செய்ய விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். அதுவரை கோல்டன் கேட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போவதாக இல்லை.