பெரியப்பாவின் போனில் என் வலைப்பூ

வானம் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கையில் ஒரு சின்ன டெலஸ்கோப்பும் ஒரு நோட்டும் உண்டு. அந்த நோட்டில் கிறுக்கியதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கலாமே என்றுதான் வலைப்பூ தொடங்கினேன். எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. எழுதியதைப் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார வைப்பதற்குள்தான் ஆறு மாதம் ஓடிவிட்டது. எனக்குக் கோடிங் தெரியாது. இன்றைக்கும் தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் பக்கத்துக்குப் போட்ட தோற்றம், அதாவது தீம், இப்படி: கன்னங்கரேலென்ற பின்னணி, சாம்பல் நிற எழுத்து, மஞ்சள் தலைப்பு. மவுஸ் போகிற பக்கமெல்லாம் நட்சத்திரம் உதிரும், அதற்கு எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், எடுத்து ஒட்டியிருந்தேன். வானத்தைப் பற்றிய வலைப்பூ கறுப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்! என் கம்ப்யூட்டரில் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. லிங்க்கை முதலில் பெரியப்பாவுக்குத்தான் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“என்னம்மா, கறுப்பாத்தான் இருக்கு. உள்ள ஏதாவது எழுதியிருக்கியா, இல்ல இனிமேதான் எழுதணுமா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறார். சாம்பல் எழுத்து அப்படியே கறுப்புக்குள் முங்கிப் போயிருக்கிறது. போனுக்கு மவுஸ் கிடையாது என்பதால் என் நட்சத்திர மழையும் அவருக்குப் பெய்யவில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதே அதன் பிறகுதான் தெரிந்தது. வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் கேட்கிறது. சுத்தக் கறுப்பின் மேல் சுத்த வெள்ளை 21-க்கு 1. அதே கறுப்பின் மேல் ப்ரவுசரின் வழக்கமான நீல லிங்க் 2-க்கு 1-ஐச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். என் பதிவுகளில் இருந்த லிங்க்குகளை யாருமே தொடாததன் காரணம் புரிந்தது. இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெள்ளைப் பின்னணிக்கு மாறினேன். எழுத்து முழுக் கறுப்பில்லாமல் அடர் சாம்பல். நட்சத்திர மழைக்கும் விடை கொடுத்தாயிற்று.

வெள்ளைக்கு மாறிய அன்று புதுச் சிக்கல். பாதிப் பதிவுகளில் உள்தலைப்புகளையே காணோம். தேடிப் பார்த்தால் அங்கேதான் இருக்கின்றன, வெள்ளை மேல் வெளிர் மஞ்சளாக! நான் உள்தலைப்பு என்று நினைத்துச் செய்ததெல்லாம் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, போல்டு போட்டு, அளவைப் பெரிதாக்கி, கையால் மஞ்சள் பூசியதுதான். அந்த மஞ்சள் பதிவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. தீம் மாறினாலும் அது மாறாது. எடிட்டரின் மேலே ‘ஹெட்டிங்’, ‘சப்ஹெட்டிங்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதிலிருந்து தேர்ந்தெடுத்திருந்தால் நிறத்தையும் அளவையும் தீம் பார்த்துக்கொள்ளும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பதிவிலும் மாறும். கண் தெரியாதவர்கள் ஸ்க்ரீன் ரீடரில் கேட்கும்போது தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போகவும் இந்த உண்மையான தலைப்புகள்தான் உதவுகின்றன. போல்டு போட்ட வரி அவர்களுக்கு வெறும் வரி.

அடுத்து எழுத்தின் அளவு. “சின்னதா இருக்கும்மா” என்றார் பெரியப்பா. சரி என்று தீமில் 20 பிக்சலுக்கு ஏற்றினேன். மறுநாள் திரும்பவும் போன்.

“இப்ப எழுத்து பெருசாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கே!”

இதற்கு எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சில பதிவுகள் நன்றாக இருந்தன, சிலவற்றில்தான் இடி. மேல்வரி ‘ணு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் கொம்பில் போய் முட்டியது. கடைசியில் எடிட்டரை, பதிவுக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டைக் காட்டும் எச்டிஎம்எல் வியூவுக்கு மாற்றிப் பார்த்தேன். நான் நான்கு வரி எழுதிய இடத்தில் நாற்பது வரிக்குக் குப்பை. ஒவ்வொரு பத்தியின் நெற்றியிலும் ‘லைன்-ஹைட் 18 பிக்சல்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுத்து 20, வரிக்கு ஒதுக்கிய உயரம் 18. முட்டாமல் என்ன செய்யும்?

நான் எழுதவில்லையே, யார் எழுதியது? டாக்குமெண்ட்டில் டைப் செய்து காப்பி பேஸ்ட் செய்த பதிவுகள் அவை. காப்பி செய்யும்போது எழுத்து மட்டும் வருவதில்லை. அந்த டாக்குமெண்ட்டின் எழுத்துரு, இடைவெளி, நிறம் எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு கூடவே வரும். எடிட்டரில் நேராக டைப் செய்த பதிவுகளில் இந்த மூட்டை இல்லை.

இப்போது கண்ட்ரோலுடன் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தி ‘வி’ தட்டுகிறேன். வெறும் எழுத்து மட்டும் வந்து விழும். போல்டு, லிங்க் எல்லாம் போய்விடும், அவற்றை எடிட்டரிலேயே திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல் பட்டதற்குத்தான் ஒரு ஞாயிறு போனது. பழைய பதிவுகளுக்கு ‘க்ளியர் ஃபார்மட்டிங்’ பட்டன் போதுமானதாக இருந்தது. முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. இரண்டு பதிவுகள் அதற்கும் மசியவில்லை. எழுத்தை மட்டும் நோட்பேடில் கொட்டி, அங்கிருந்து எடுத்துப் புதிதாக ஒட்டினேன்.

வரி இடைவெளியைத் தீமில் இப்போது 1.7 என்று வைத்திருக்கிறேன், பக்கத்தில் பிக்சல் கிடையாது. அலகில்லாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால், எழுத்து எந்த அளவோ அதை அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளும். எழுத்து வளர்ந்தால் இடைவெளியும் கூடவே வளரும். ஆங்கிலப் பக்கங்களுக்கு 1.5 போதும் என்பார்கள். தமிழில் மேலே கொம்பு, கீழே வால், தலையில் புள்ளி என்று ஏகப்பட்ட உறுப்புகள். 1.5-இல் எனக்கு மூச்சு முட்டியது.

இதே வரிசையில் இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன். வரி முடிகிற இடம் அழகாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரி கடைசியிலும் என்டர் தட்டியிருந்தேன். என் மானிட்டரில் வலது ஓரம் அளவெடுத்து வெட்டியது போல இருந்தது. பெரியப்பா போனில் அது இப்படித் தெரிந்தது:

1610-இல் கலிலியோ வியாழனைச்
சுற்றி வரும்
நான்கு நிலாக்களைக் கண்டார்.
அவற்றை
இன்றும் சின்ன டெலஸ்கோப்பிலேயே
பார்க்க
முடியும்.

“கவிதையாம்மா?” என்று கேட்டார்.

வரியை எங்கே மடிப்பது என்பது ப்ரவுசரின் வேலை. என்டர் தட்டுவது பத்தி முடியும்போது மட்டும்தான். பத்திக்கு நடுவே இடைவெளி அதிகம் வேண்டுமென்றால் அதையும் தீமில் சொல்லலாம், மூன்று முறை என்டர் தட்டத் தேவையில்லை. இரண்டு ஓரத்தையும் சமன் செய்யும் ‘ஜஸ்டிஃபை’யையும் விட்டுவிட்டேன். தமிழ்ச் சொற்கள் நீளம். போனின் குறுகிய வரியில் மூன்று சொல்தான் கொள்ளும் என்றால், மிச்ச இடத்தை நிரப்ப நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழுகிறது. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். எழுத்தைச் சாய்க்கும் ‘இட்டாலிக்’கையும் விட்டுவிட்டேன். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது, எழுத்துருவிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. ப்ரவுசர் தானாக எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். பார்க்கப் புயலில் சாய்ந்த வேலி மாதிரி இருக்கும்.

படங்கள் விஷயத்தில் என் மேல்தான் தப்பு. டெலஸ்கோப்பில் போனை வைத்து எடுத்த நிலா, 4000-க்கு 3000 பிக்சல், தரம் குறையக் கூடாது என்று பிஎன்ஜியாகச் சேமித்தது. ஒரு படம் 9 எம்பி. ஒரு பதிவில் ஏழு படம். “நிலா பாதிதான் வந்திருக்கு, மீதி அமாவாசையா?” என்று பெரியப்பா கேட்டபோதுதான் உறைத்தது. போன் திரையின் அகலம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல். அதற்கு 4000 அனுப்பி என்ன பயன்? அகலத்தை 1200-க்குக் குறைத்து ஜேபெக்கில் சேமித்தேன். 150 கேபிக்குள் அடங்கியது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கியதும் தப்பாகப் போயிற்று. நான் வரைந்த நட்சத்திர வரைபடத்தில் பெயர்களைச் சுற்றி அழுக்கு படிந்தது போல் ஒரு கலங்கல். புகைப்படத்துக்கு ஜேபெக், கோடும் எழுத்தும் உள்ள படத்துக்கு பிஎன்ஜி என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். வெப்பி என்ற இன்னொரு பட வகை இரண்டுக்கும் ஆகும் என்கிறார்கள், நான் இன்னும் மாறவில்லை. சில படங்கள் போன் திரையைத் தாண்டி வலது பக்கம் ஓடின. தீமில் தோற்றத்தைச் சொல்லும் பகுதியான சிஎஸ்எஸ்ஸில் படத்துக்கு ‘மேக்ஸ்-விட்த்’ 100 சதவீதம், ‘ஹைட்’ ஆட்டோ என்று சேர்த்ததும் உள்ளே வந்துவிட்டன. ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் ஒரு வரி எழுதுகிறேன். படம் வராவிட்டால் அந்த வரியாவது தெரியும், ஸ்க்ரீன் ரீடரும் அதைத்தான் படிக்கும். ‘நிலா’ என்று மட்டும் எழுதுவதில்லை. ‘வளர்பிறை எட்டாம் நாள், நிழல் விளிம்பில் பள்ளங்கள்’ என்று எழுதுகிறேன்.

முகவரியும் ஒரு வேடிக்கை. தலைப்பைத் தமிழில் வைத்தால் லிங்க்கும் தமிழிலேயே அமைய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அட்ரஸ் பாரில் அழகாகத் தமிழில் தெரிகிறது. காப்பி செய்து அனுப்பினால் ஒரு மைல் நீளத்துக்குச் சதவீதக் குறிகள். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலான யுனிகோடில் உள்ள தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். லிங்க்கில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது. ‘நிலவு’ என்ற சொல்லில் ந, இகரக் குறி, ல, வ, உகரக் குறி என்று ஐந்து குறியீடுகள், ஆக 45 எழுத்து. ஒரு சொல்லுக்கே இப்படி. பார்ப்பவர்கள் வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். இப்போது பதிவின் நிலையான முகவரியான பர்மாலிங்க்கை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் நானே கொடுத்துவிடுகிறேன், வெளியிடுவதற்கு முன்பே. வெளியிட்ட பிறகு மாற்றினால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வைக்காதவரை, ஏற்கெனவே பகிர்ந்த லிங்க்கெல்லாம் செத்துப் போகும்.

லேபிள் பற்றி ஒரு வரி: ‘சூரியகுடும்பம்’, ‘சூரிய குடும்பம்’, ‘சூரியக் குடும்பம்’ என்று மூன்று லேபிள் வைத்திருந்தேன். தளத்துக்கு அவை மூன்று தனித்தனி வகை.

கடைசியாக, நான் வயிறு கலங்கிய நாள். ஒரு ஸ்கிரிப்ட்டைத் தீமின் மூலக் கோப்பான டெம்ப்ளேட்டுக்குள் ஒட்டி சேவ் கொடுத்தேன். சிவப்பில் பிழைச் செய்தி வந்தது, ஏதோ ஓர் இடத்தில் அரைப்புள்ளி இல்லை என்று. என் தளத்தின் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் என்ற கறாரான குறியீட்டு மொழியில் எழுதப்பட்டது. அதில் & குறியைத் தனியாக எழுதக் கூடாதாம். அதை ஒட்டி ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வர வேண்டும். அது தெரியாமல், பிழை காட்டிய வரியையும் அதன் மேலே கீழே இருந்ததையும் சேர்த்து அழித்தேன். பிழை போய்விட்டது. பக்கமும் போய்விட்டது. வெள்ளைத் திரை மட்டும்தான் மிச்சம்.

கை நடுங்கிவிட்டது, எழுதிய எல்லாம் போச்சு என்று. போகவில்லை. பதிவுகள் ஓரிடத்தில், தீம் வேறோரிடத்தில் இருக்கின்றன. சட்டை கிழிந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. புதுத் தீம் போட்டதும் பதிவெல்லாம் திரும்ப வந்து நின்றன. ஆனால் நான் செய்து வைத்த மாற்றங்கள் அத்தனையும் முதலிலிருந்து. டெம்ப்ளேட்டைத் தொடுவதற்கு முன்னால் பேக்கப் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இப்போது என்னிடம் பதினான்கு பேக்கப் இருக்கிறது.

பதிவு போடும் முன் ப்ரவுசர் ஜன்னலைப் போன் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்துவிடுகிறேன், பிறகு என் போனில் ப்ரைவேட் விண்டோவில் ஒரு முறை. அப்படியும் ஒன்று மட்டும் சரியாகவில்லை. எந்தக் கோள் எப்போது எந்தத் திசையில் தெரியும் என்று மாதாமாதம் ஓர் அட்டவணை போடுவேன், அது போனின் அகலத்துக்குள் அடங்குவதில்லை. ஆறு நெடுவரிசை இருந்ததை நான்காகக் குறைத்தேன், எழுத்தைச் சுருக்கினேன். அட்டவணையைத் தூக்கிவிட்டு வரி வரியாகவே எழுதிவிடலாமா என்று கேட்டதற்கு, “கட்டம் போட்டாத்தான் கணக்கு புரியுது, அப்படியே விடு” என்றுவிட்டார் பெரியப்பா. போனைப் படுக்கவைத்துப் படிக்கிறார்.