ஜெரமையா ஓ'பிரையன்: ஒரு லிபர்ட்டி கப்பலின் எஞ்சினும் விரிசலும்

1943 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சவுத் போர்ட்லாந்தில் நீரில் இறங்கிய சரக்குக் கப்பல் ஜெரமையா ஓ'பிரையன். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கா ஒரே வடிவில் பெருமளவில் கட்டிய 'லிபர்ட்டி' வகைக் கப்பல்களில் ஒன்று. நீளம் 441 அடி, வேகம் 11 நாட் (மணிக்கு சுமார் 20 கி.மீ.). 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாடுகள் நடத்திய படையெடுப்புக்காக 11 முறை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

எஞ்சின் அன்றைக்கே பழசு. நீராவியால் சுழலும் புதுவகை டர்பைன்கள் போர்க்கப்பல்களுக்குப் போய்விட, இதற்குக் கிடைத்தது மூன்று சிலிண்டர் நீராவி எஞ்சின். 24½, 37, 70 அங்குல விட்டமுள்ள சிலிண்டர்களில் நீராவி அடுத்தடுத்து விரியும். அழுத்தம் குறையக் குறைய அதே வேலைக்கு அதிகப் பரப்பு வேண்டும். கடைசி சிலிண்டர் அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். நிமிடத்துக்கு 76 சுற்று, 2,500 குதிரைத்திறன். எண்ணெய் விடுபவர் சுழலும் கிராங்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டின்) பேரிங்கைக் கையால் தொட்டே சூடு பார்ப்பார். தாளம் தப்பினால் கை போச்சு!

லிபர்ட்டி கப்பல்கள் சில நடுக்கடலில் பிளந்தபோது பழி முழுக்க, தகடுகளை உருக்கி ஒட்டும் வெல்டிங் மேல் விழுந்தது. பாதி நியாயம்தான். குளிர்ந்த நீரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மை அடைவதை பிரிட்டிஷ் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டினார். சரக்கு அறைத் திறப்பின் சதுர மூலையில் தகைவு (உலோகத்தின் உள்ளே ஏறும் விசை) குவிந்து விரிசல் பிறக்கும். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்த உடலில் அது தகட்டு விளிம்போடு நிற்கும். வெல்டிங் உடலில் நிற்காமல் ஓடும். பிறகு மூலைகளை வலுப்படுத்தி, விரிசலைத் தடுக்க ரிவெட் பட்டைகள் பொருத்தினார்கள்.

1994இல் இந்தக் கப்பல் சொந்த எஞ்சினிலேயே மறுபடி நார்மண்டிக்குப் போய் வந்தது.