மாமி, மைக்ரோவேவ், 13 அம்பியர்

மைக்ரோவேவ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் குசினிச் சுவரில் என்ன பிளக் பொயின்ட் இருக்கிறது? எத்தனை லீட்டர், கிரில் இருக்கா, என்ன நிறம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள பழைய தொடர்மாடிகளில் ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான பொயின்ட் இருக்கும். சின்ன உருண்டைக் கால் 5 அம்பியர், பெரிய உருண்டைக் கால் 15 அம்பியர், பிறகு யாரோ திருத்தவேலை செய்தபோது பூட்டிய சதுரக் கால் 13 அம்பியர். எங்கள் வீடும் அப்படித்தான். மைக்ரோவேவுக்கு ஏற்றது அந்தச் சதுரக் கால். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு வாட் எண்கள் இருக்கும். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் 800 வாட், சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200 வாட் அளவில் இருக்கும். நம் 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 5 அம்பியரைத் தாண்டிவிடும். சின்ன உருண்டைப் பொயின்ட்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் முதல் நாள் எதுவும் நடக்காது. நாள் போகப் போகத்தான் பொயின்ட் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகல் மணம் வரும். மல்டி பிளக்கும் வேண்டாம். பக்கத்தில் கெட்டில் வேறு 2000 வாட் இழுத்துக்கொண்டு இருக்கும்.

இன்னொரு வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் சாமான்களின் இரண்டு கால் பிளக்கை, சதுரப் பொயின்ட்டின் மேல் துளைக்குள் பேனையை விட்டு நெம்பிச் செருகுவது. அந்த மேல் துளைதான் எர்த், பழுது வந்தால் மின்சாரத்தை நம்மைத் தாக்க விடாமல் நிலத்துக்குக் கொண்டுபோகும் வழி. மைக்ரோவேவின் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 2000க்கு மேலே ஏற்றுகிறது, அதன் ஒரு முனை பெட்டியின் உலோக உடம்போடுதான் இணைந்திருக்கும். எர்த் இல்லாமல் இதை ஓட்டினால், உள்ளே ஏதாவது பழுது வரும் நாளில் ஈரக்கையோடு கதவைத் தொடுகிறவர் பாடு என்ன ஆகும்? எங்கள் வயரிங் பாஸ் (மின்வேலைக்காரர்) வந்து முதலில் செய்தது மைக்ரோவேவைத் தொடுவது இல்லை. போர்டில் உள்ள, மின்சாரம் கசிந்தால் கரண்டை வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்தி, அது டக்கென்று விழுகிறதா என்று பார்த்தார். பிறகுதான் பிளக்கைச் செருக விட்டார். நல்ல பாஸ்.

வைக்கிற இடம். பிரிட்ஜ் தலைமேல் வைக்காதீர்கள், கொதிக்கும் சொதியை முகத்துக்கு நேரே இறக்க வேண்டிவரும். நெஞ்சு உயரத்துக்குக் கீழே பென்ட்ரி மேடையில் வைத்து, பக்கங்களிலும் பின்னாலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மேலே இன்னும் கொஞ்சம் கூட. கபட்டுக்குள் அடைத்தால் சூடான காற்று போக வழியில்லை. சரி, புதுப் பெட்டியைத் திறந்தவுடன் எல்லா டேப்பையும் தாளையும் உரிப்போம் அல்லவா, அப்போது உள்ளே வலப்பக்கச் சுவரில் காட்போட் போல ஒரு சாம்பல் நிறத் துண்டு தெரியும். அதை மட்டும் உரிக்காதீர்கள். அது மைக்கா. அலைகள் உள்ளே வரும் வாசலை எண்ணெய்த் தெறிப்பிலிருந்து காக்கும் மூடி.

இனி மாமி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார், பெட்டி வந்த அன்றே கதிரையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார்.

“உதுக்குள்ள இருந்து கதிர் வாறதாம் பிள்ளை. கான்சர் வருமாம். பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னவ.”

2021 கடைசியில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி நாளுக்கு நாள் வந்தபோது இதே மாமி அடுப்படியை விட்டு அசையவில்லை. பழகிய ஆபத்துக்கு யாரும் பயப்படுவதில்லை போலும். நான் கதவை விரித்துக் காட்டினேன். கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலையின் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீற்றர்தான். உள்ளே ஓடும் அலையின் நீளமோ 12 சென்ரிமீற்றர். அந்த வலையைத் தாண்டி அது வெளியே வர முடியாது. கதவு திறந்த கணமே அலை நின்றுவிடும். எக்ஸ்-ரே வகைக் கதிர் இது இல்லை, சாப்பாட்டில் உள்ள தண்ணீரை அசைத்துச் சூடாக்குவதோடு சரி, சோற்றுக்குள் எதுவும் தங்காது. அமெரிக்க விதிப்படி, ஒரு பெட்டி எவ்வளவு பழசானாலும் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் கசிவு சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் கதவு வளைந்தாலோ, பூட்டு சரியாகக் கொளுவாவிட்டாலோ, துரு பிடித்து ஓட்டை விழுந்தாலோ பாவிக்கக் கூடாது. கடற்காற்று அடிக்கும் வீடுகளில் கதவின் விளிம்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உப்பு ஈரம் அங்கேதான் தங்கும்.

கதை சொன்னால் மாமி கேட்பார் என்று, 1945இல் ராடர் கருவி செய்த பேர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளரின் சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகியதில்தான் இது தொடங்கியது என்றேன். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை ஏறக்குறைய 340 கிலோ.

“அப்ப உது சண்டைச் சாமான் எண்டு சொல்லு” என்றார்.

கதிரை ஹோலிலேயே இருந்தது.

உண்மையில் மாமி பயப்பட வேண்டியது பாத்திரத்துக்கு. நம் வீடுகளில் மெலமைன் கோப்பை இல்லாத அலுமாரி உண்டா? அதை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. கோப்பைதான் சூடேறும், விரிசல் விடும், அதிலிருந்து வேண்டாத இரசாயனம் சாப்பாட்டுக்குள் இறங்கும். கலியாணத்துக்கு வந்த தங்கக் கரை போட்ட பீங்கான் செட் பொறி பறக்க விடும். தயிர்க் கப், மார்ஜரின் டப்பா போன்ற மெல்லிய பிளாஸ்டிக் எல்லாம் நெளிந்துவிடும். கடைச் சோற்றுப் பார்சலை அப்படியே உள்ளே தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட், செய்தித்தாள், ஸ்டேப்ளர் பின், மூன்றும் ஒரே பார்சலில்! பிரித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்ட அரை நிமிடம் கூடப் போகாது, பிறகு சூடாக்கலாம். ஒரு பாத்திரம் உகந்ததா என்று சந்தேகமா? வெறும் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிராக இருந்தால் பாவிக்கலாம். மாறி நடந்தால் அந்தப் பாத்திரம் அலுமாரிக்கே. உலோகத்தையும் தங்கக் கரையையும் இந்தச் சோதனைக்குக்கூட வைக்காதீர்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் பெட்டியை ஓட்டவும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம் சோறு. கொழும்பு வெக்கையில் பகல் சமைத்த சோற்றை இரவு வரை மேசையில் மூடி வைத்துவிட்டு, “சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும்” என்று சொல்வது பெரிய நம்பிக்கை. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெளியே கிடக்கக் கிடக்க அவை பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அதனால் நான் சோற்றை அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். எடுத்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்வாக வைத்து, பாதியில் நிறுத்திக் கிளறி, நடுச்சோற்றிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குவேன். ஒரு தடவைதான். மிச்சம் இருந்தால் மறுபடி பிரிட்ஜுக்குப் போகாது.

கிளறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலைகள் பெட்டிக்குள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும், தட்டு சுற்றுவதே அதற்காகத்தான். ஓரம் கொதிக்கும்போது நடு குளிராக இருக்கலாம். குழந்தைப் பால் போத்தலை இதில் சூடாக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்: போத்தல் கைக்கு இளஞ்சூடு, உள்ளே ஒரு பகுதி நாக்கைச் சுடும்.

இடியப்பத்துக்கு ஈரத்துணி மூடி முப்பது நாற்பது செக்கன் போதும், கூடினால் வாயில் வைக்க முடியாது. சொதியைக் குறைந்த சக்தியில் வையுங்கள், தேங்காய்ப்பால் திரையாது. முட்டைக் குழம்பில் முட்டையை வெட்டிவிட்டு வையுங்கள். முழு முட்டை வெடித்தால் பெட்டியைத் துடைப்பதற்குள் இன்னொரு சமையல் முடிந்துவிடும். பிளேன் டீக்குத் தண்ணீர் வைத்தால் உடனே கப்பைத் தூக்காதீர்கள். வழுவழுப்பான கப்பில் தண்ணீர் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டி நிற்கும், தேயிலைப் பையைப் போட்டதும் முகத்துக்குப் பொங்கும். மரக் கரண்டி ஒன்றை உள்ளே போட்டுச் சூடாக்கி, அரை நிமிடம் விட்டு எடுங்கள்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு நில்லுங்கள், காற்று இல்லாமல் தானே அணையும். கரண்ட் போனாலும் சுவரில் அணைத்துவிடுவது நல்லது. திரும்பி வரும்போது வோல்ட்டேஜ் எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்? பழுதானால் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கொள்ளளவி (கப்பாசிட்டர்) உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

மாமியை வென்றது அப்பளம். எண்ணெய் இல்லாமல் முக்கால் நிமிடத்தில் பொரிந்து வருவதைப் பார்த்து, டொக்டர் சொன்ன கொலஸ்ட்ரோலையும் நினைத்து, கதிரை குசினிக்குத் திரும்பியது. அந்த உற்சாகத்தில் ஒருநாள் மோர் மிளகாயையும் உள்ளே வைத்துவிட்டார். கதவைத் திறந்ததும் வந்த காரப் புகையில் எங்கள் மாடி முழுக்க இருமியது. அதற்கு மட்டும் தாச்சியும் திறந்த யன்னலும்தான்.