மூட்டைத் தெருவில் கால் கிலோ

2 அக்டோபர் 2024, புதன்

இன்று திருப்பதிக் குடை, பிரம்மோற்சவத்துக்காகச் சென்னையிலிருந்து திருப்பதிக்கு ஊர்வலமாகப் போகும் குடை. காலையிலிருந்தே மேல்வீட்டுப் பெரியம்மா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "குடை கெளம்பிடுச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சென்னகேசவப் பெருமாள் கோயிலில் பூஜை முடிந்து, என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியாகக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழையும். அப்புறம் பைராகி மடம், வால்டாக்ஸ் ரோடு. சாயங்காலம் நாலு மணி வாக்கில் யானைக்கவுனி தாண்ட வேண்டும்.

எங்கள் வீடு ஆச்சாரப்பன் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கொத்தவால் சாவடி மார்க்கெட் இரண்டு நிமிஷ நடை. பெரியம்மாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷமாகக் கீழே இறங்கவில்லை. நான் தெருமுனைக்குப் போய் நின்றேன். தலைகளுக்கு மேலே வெண்பட்டுக் குடை ஆடி ஆடி வந்தபோது "கோவிந்தா" சத்தத்தில் காது அடைத்தது. ஒரு மிளகாய் மண்டிக்காரர் வாசலில் அண்டா வைத்து நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் தொன்னையில் புளியோதரை. இரண்டு தொன்னை வாங்கிவந்து ஒன்றைப் பெரியம்மாவின் கூடையில் வைத்தேன்.

கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஒயரில் பின்னிய சின்னக் கூடை, பிடியில் தாம்புக்கயிறு. மேலிருந்து இறக்குவார். உள்ளே பணமும் சீட்டும் இருக்கும். சாமானை வைத்துக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் மேலே ஏறிவிடும். பால், கீரை, மாத்திரை, இன்று புளியோதரை.

5 அக்டோபர், சனி

ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் "உனக்கென்னம்மா, மார்க்கெட்டுக்குள்ளயே குடியிருக்க" என்பார்கள். எங்களைச் சுற்றி டன் கணக்கில் துவரம்பருப்பு அடுக்கியிருக்கிறது. மல்லி மூட்டை, மிளகாய் மூட்டை, வெல்ல மூட்டை. ஆனால் இவை எல்லாம் சிப்பம் கணக்கு. கால் கிலோ கேட்டால் மண்டிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை. கணக்குப்பிள்ளைக்கு ஒரு பில் போடுகிற நேரத்தில் நாலு லோடு இறங்கிவிடும்.

இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் பூஜைச் சாமானும், நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இந்த விவரம் போதும். இங்கே குடியிருப்பவர்களுக்கு வேறு ஒரு வரைபடம் வேண்டும். நூறு கிராம் கடுகு யார் தருவார்கள், அரை மூடித் தேங்காய் யார் உடைத்துத் தருவார்கள், எந்தக் கீரைக்காரம்மா பத்து மணிக்குள் எழுந்துபோய்விடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எங்களுக்கு அண்ணாச்சி கடை. எட்டடிக்கு ஆறடி. தராசுக்குப் பின்னால் நின்றால் திரும்ப இடமிருக்காது. சந்தில் இருந்த முப்பது குடித்தனத்தை நம்பி அவருடைய அப்பா ஆரம்பித்த கடை. இப்போது குடித்தனம் ஒன்பது. மற்றதெல்லாம் கோடவுன் ஆகிவிட்டது. இன்று அண்ணாச்சிதான் சொன்னார்: "மேல்வீட்டம்மாவும் தீபாவளி முடிஞ்சு காலி பண்றாங்களாமே?"

எனக்குத் தெரியாது. படியேறிப் போய்க் கேட்டேன். பெரியம்மா சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஓனர் புள்ள வந்து கேட்டுட்டுப் போனான். பிளாஸ்டிக் சாமான் வைக்கணுமாம். நாம குடுக்கற வாடகைக்கு மூணு மடங்கு தர்றாங்களாம். என் பையனும் வேளச்சேரிக்கு வந்துடுன்றான்." அவ்வளவுதான் சொன்னார். கடலையில் ஒரு கல் கிடந்தது. அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்தார்.

இது தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு. நாலு பேர் நடந்தால் தாங்கும் தளத்தில் கூரை முட்ட அட்டைப்பெட்டி அடுக்கினால் என்ன ஆகும்? கீழே படுத்திருப்பது நாங்கள். இதை ஓனரிடம் கேட்கத்தான் போகிறேன்.

10 அக்டோபர், வியாழன்

நாளை ஆயுத பூஜை. கொத்தவால் சாவடியில் கால் வைக்க இடமில்லை. வாழைக்கன்று, மாவிலை, பூசணிக்காய், தரையில் குவித்த பொரி. பொரி படிக்கணக்கு. படியைத் தலைதட்டாமல் கோபுரமாக அளந்து, மேலே ஒரு கைப்பிடி கொசுறு போட்ட பிறகுதான் கட்டுவார்கள். ஒரு படி பொரி, கால் கிலோ பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை, வெற்றிலை, கதம்பம் ரெண்டு முழம்.

பெரியம்மா கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது மொத்தக் காய்கறி மார்க்கெட்டும் இங்கேதான். ராத்திரி முழுக்க லாரி. விடிகாலையில் முட்டைக்கோஸ் இலை மேல்தான் நடக்க வேண்டுமாம். 1996-இல் எல்லாம் கோயம்பேடு போனது. "நாத்தம் போச்சு, கூடவே ஜனமும் போச்சு" என்பார். ஆனாலும் வாழை இலையும் காயும் விற்பவர்கள் இன்னும் ரோட்டோரத்தில் உட்கார்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள்தான் கதி.

12 அக்டோபர், சனி

என் வீட்டுக்காரர் ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடையில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நேற்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கத்திக்கு ஓய்வு. இன்று காலை முதல் வெட்டு வெட்டி, அந்தத் துண்டுப் பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். இருபது வருஷமாக இப்படி எடுத்துவருகிறார், ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறோம்.

தெரு முழுக்க உடைந்த பூசணி. ஒரு மீன்பாடி வண்டிக்காரர் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்துவிட்டது. வண்டியில் எட்டு மூட்டை. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். திருஷ்டி கழிக்கிறவர்கள் உடைத்ததை ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். அடுத்தவன் கையை உடைத்தா நம் திருஷ்டி கழிய வேண்டும்? கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். கேட்டேன், கோபித்துக்கொண்டார்கள்.

16 அக்டோபர், புதன்

நேற்று முழுக்க மழை. இன்றைக்கு ரெட் அலர்ட் என்றார்கள். பள்ளிக்கூடம், கல்லூரி லீவு. நேற்று மத்தியானமே பால் இல்லை, பிரெட் இல்லை. முந்தாநாள் 60 ரூபாய்க்கு வாங்கிய தக்காளிக்கு நேற்று 100 சொன்னார் தள்ளுவண்டிக்காரர். கால் கிலோ மட்டும் வாங்கி, மீதிக்குப் புளியைக் கரைத்துக்கொண்டேன்.

சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். லோடுமேன்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அண்ணாச்சி கடைப் படியில் ஒண்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி கடையை மூடவில்லை. மெழுகுவத்தி, தீப்பெட்டி, ரவை எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துத்தான் கொடுத்தார். மொத்தமாகக் கேட்ட ஒருவருக்கு முடியாது என்றுவிட்டார். பெரியம்மாவின் கூடைக்கு மேல் பாலிதீன் போட்டு முடிச்சுப் போட்டு ஏற்றினேன்.

டிவியில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார். வீட்டு வாசலில் விட்டால் மூழ்கிவிடும் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பையன் வண்டி அதுல எதுன்னு தெரியுதா பாரு" என்றார்.

இன்று பெரிய மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ராத்திரி சென்னைக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்கிறார்கள்.

20 அக்டோபர், ஞாயிறு

புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. விடிகாலை அஞ்சு மணிக்குக் காசிமேடு போனோம். ஒரு மாசம் வாயைக் கட்டியவர்கள் எல்லோரும் அங்கேதான். வஞ்சரம் கிட்டவே போக முடியவில்லை. சங்கரா ஒரு கூறு 300 ரூபாய். குழம்பும் வறுவலுமாக மகள் நாலு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு எங்களுடையது. கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருக்கும். பையன்கள் ஸ்டம்புக்குப் பதில் மரப்பெட்டி வைத்து விளையாடுவார்கள். வார நாளில் மூட்டைக்கு நடுவே ஒருக்களித்து நடக்கிற நான் இன்று நடுரோட்டில் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

26 அக்டோபர், சனி

தீபாவளி லேகியம் இந்த வருஷம் நான் கிளற வேண்டும், பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார் என்று ஏற்பாடு. இதுவரை அவர் கிளறிக் கிண்ணத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தான் பழக்கம்.

சாமானுக்கு ராசப்ப செட்டித் தெரு. முதலில் கந்தகோட்டத்தில் முருகனுக்கு ஒரு கும்பிடு, பிறகு நாட்டு மருந்துக் கடை. சுக்கு 25 கிராம், மிளகு 25, ஓமம் 25, அரிசித்திப்பிலி 10, கண்டந்திப்பிலி 10, சித்தரத்தை 10. கடைக்காரர் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பேப்பரில் மடித்தார். ரெடிமேட் பொடியும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சித்தரத்தையை அம்மியில் வைத்துத் தட்டினால்தான் உடைகிறது. மிக்ஸியில் நேராகப் போட்டிருந்தால் பிளேடு போயிருக்கும். எல்லாவற்றையும் வெறும் வாணலியில் சூடு காட்டி, பொடித்து, மெல்லிய துணியில் சலித்தேன். கப்பி நின்றால் தொண்டையில் உறுத்தும் என்று மூன்று தடவை சலிக்கச் சொன்னார். கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொதி வந்ததும் பொடியைத் தூவினேன். முதலில் சேறு மாதிரி இருந்தது. நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டுக் கிளறக் கிளற நிறம் கறுத்து, ஓரத்தில் எண்ணெய் கக்கி, கரண்டியோடு சுருண்டு வந்தது. அடுப்பை அணைத்தேன். தேன் பாட்டிலை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சூட்டுல தேன் விடக் கூடாது. ஆறட்டும்." ஆறும்வரை என் கையை விடவில்லை.

பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கப் போனால், போன வருஷத்தை விட லிட்டருக்கு ஏறக்குறைய 25 ரூபாய் கூட. செப்டம்பர் 14-இலிருந்து இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படைச் சுங்க வரியே இல்லாமல் இருந்தது, அதை 20 சதவீதம் ஆக்கினார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதமாக இருந்தது 32.5. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க என்கிறார்கள், கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதைத் தீபாவளிக்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்னால் செய்ததில் இடிப்பது எங்களைப் போன்ற வீட்டில்தான். முறுக்கு மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். அதிரசம் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

29 அக்டோபர், செவ்வாய்

கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் இன்று மறுபடி ஓடுகிறது. நாலாவது பாதை வேலைக்காகப் போன வருஷம் ஆகஸ்டில் நிறுத்தியது. பதினாலு மாசம் சிந்தாதிரிப்பேட்டை வரை பஸ்ஸில் போய் ஏற வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும் நேராக மாடிக்கு ஓடினேன். "பெரியம்மா, ஒரே ரயில்ல வந்துடலாம்."

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. நாலரை மணிக்கு எண்ணெய்க் குளியல். லேகியம் காரம் தூக்கல், ஆனால் நன்றாக இருந்தது. பெரியம்மா ஒரு உருண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தேறிட்ட" என்றார். ஒன்பது வீட்டுக்கும் அண்ணாச்சிக்கும் கொடுத்தேன்.

4 நவம்பர், திங்கள்

காலையில் ஏழரைக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள், ராகு காலம் வருவதற்குள். லோடுமேன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு பெரியம்மாவைத் தூக்கி இறக்கினார்கள். 38 படி. காசு கொடுத்தபோது வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் கால் தெருவில் பட்டது. கீரைக்காரம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் பேசவில்லை.

ஓனரிடம் உத்திரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கனமான சாமான் வைக்க மாட்டோம் என்று சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

மகளும் நானும் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி போனோம். பையில் ஒரு கட்டு வாழை இலை, முருங்கைக்கீரை, கொஞ்சம் லேகியம்.

நாலாவது மாடி, லிப்ட் இருக்கிறது. பெரியம்மா இப்போது தினமும் கீழே இறங்கி நடக்கிறாராம். அதைக் கேட்டு மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சாமானெல்லாம் மருமகள் போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. கறிவேப்பிலைகூடப் பாக்கெட்டில்.

லேகியம் இறுகிவிட்டது என்று சொன்னேன். ஒரு ஸ்பூன் நெய்யை உருக்கி விட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறச் சொன்னார். கிளம்பும்போது சமையல்கட்டிலிருந்து சீட்டு எடுத்துவந்தார், கூடையில் போடுவாரே அதே மாதிரி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, நடுவில் ரூபாய் நோட்டை வைத்து நாலாக மடித்தது. ரயிலில் பிரித்துப் பார்த்தேன்.

"காராமணி கால் கிலோ. சுக்கு 50 கிராம், உடைச்சுப் பார்த்து வாங்கு. கட்டிப் பெருங்காயம் சின்னது ஒண்ணு. அண்ணாச்சிகிட்ட போன மாச பாக்கி 40 ரூபாய், மறக்காம குடு."